அலாஸ்கா கப்பலுக்கு அம்மாவின் பெட்டி: எது உழைத்தது, எது நனைந்தது

மே மாதக் கடைசியில் சியாட்டிலிலிருந்து கிளம்பும் ஏழு இரவு அலாஸ்கா கப்பலில் அம்மா அப்பாவை அழைத்துப் போய் வந்தேன். துணிகளைத் துவைத்து மடித்த கையோடு இதை எழுதுகிறேன். கப்பலைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது பெட்டிக்குள் வைத்த துணிகளைப் பற்றி மட்டும். எல்லாமே என் காசிலோ அப்பா காசிலோ வாங்கியவை.

அம்மாவுக்கு 66 வயது, அப்பாவுக்கு 71. கும்பகோணத்தை விட்டு அதிகம் நகராதவர்கள். அவர்கள் அறிந்த குளிர் மார்கழிக் காலையும், எப்போதோ போன ஊட்டியும்தான். அம்மா கல்யாணத்துக்குப் பிறகு புடவை தவிர வேறெதுவும் கட்டியதில்லை. "கப்பல்ல ஏத்தறதுக்காக என்னை பேன்ட் போடச் சொல்லாதடி" என்று விசா கிடைத்த அன்றே சொல்லிவிட்டாள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் மூன்று வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். பெற்றோரை அழைத்துப்போக நினைக்கும் வேறு பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும்.

முதலில் ஏமாற்றிய பொருளைச் சொல்லிவிடுகிறேன். அது அம்மாவின் கோட்டு. சென்னையில் ஒரு கடையில் வாங்கியது. முழங்கால் வரை நீளம், உள்ளே பஞ்சு, கழுத்தைச் சுற்றி முடி வைத்த குல்லா. "காஷ்மீருக்கே இது போதும்மா" என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். இங்கே அமெரிக்காவில் என் வீட்டுக்கு வந்ததும் எடை போட்டுப் பார்த்தேன், 1.9 கிலோ. போட்டுப் பார்த்தபோது கதகதப்பாகத்தான் இருந்தது. அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. அதனால் நானும் சரி என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

எங்கள் முதல் துறைமுகம் கெச்சிகன். ஆண்டுக்குச் சுமார் 3,800 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். சென்னையில் பெய்வது 1,400 சொச்சம். அந்த வட்டாரமே டோங்காஸ் என்னும் மழைக்காடு. குளிர்ப் பிரதேசத்து மழைக்காடு என்பதால், நம் ஊர் மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிப்பதில்லை. நாள் முழுக்கச் சல்லடையில் சலித்த மாதிரி பெய்துகொண்டே இருக்கிறது. மரப்பலகை பாவிய க்ரீக் தெருவில் நாங்கள் நடந்தது முக்கால் மணி நேரம்தான். அதற்குள் அந்தக் கோட்டின் தோள்பட்டை கறுத்தது, பிறகு தையல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. பஞ்சு அத்தனையும் ஊறிவிட்டது. அம்மா எதுவும் சொல்லவில்லை, கையை மட்டும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள். தொட்டுப் பார்த்தேன், விரல்கள் சில்லென்று இருந்தன. என் மழை ஜெர்கினைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு வாங்கிக்கொண்டேன். அந்தக் கோட்டு கேபினில் காய்வதற்கு இரண்டு நாள் ஆயிற்று. அம்மாவின் கை அப்படிச் சில்லிட்டுப் போனது இன்னும் என் மனதை அறுக்கிறது. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அலாஸ்காவின் இந்தப் பக்கத்தில் கோடைக்காலத்தில் எதிரி குளிர் இல்லை. எங்கள் அடுத்த துறைமுகமான ஜூனோவில் மே கடைசியில் பகலில் 14, 15 டிகிரி இருக்கும், ராத்திரி 5, 6. ஊட்டியில் டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு இது பெரிதில்லை. எதிரி இரண்டு பேர்: மழையும் காற்றும். கப்பல் ஊருக்கு ஊர் போகும்போது 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டரில் ஓடுகிறது. இலை அசையாத நாளிலும் மேல்தளத்தில் நிற்பவர் முகத்தில் அந்தக் காற்று அடித்துக்கொண்டேதான் இருக்கும். 7 டிகிரி என்று டிவியில் காட்டினால், உடம்புக்கு அது 2 டிகிரி மாதிரி உறைக்கும். ஈரத் துணியோடு நின்றால் கேட்கவே வேண்டாம். காற்றை விடத் தண்ணீர் உடம்புச் சூட்டை இருபத்தைந்து மடங்கு வேகமாக உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கப்பலுக்குள் சூடு. சாப்பாட்டுக் கூடம், நாடக அரங்கு எல்லாம் 21, 22 டிகிரி. கதவைத் திறந்தால் குளிர், மூடினால் புழுக்கம். ஒரு நாளில் இருபது தடவை உள்ளே வெளியே போவோம். இரண்டு கிலோ கோட்டைப் போட்டால் வேர்க்கும், கழற்றினால் கையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஆகவே ஒவ்வொரு துணியையும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நனைந்தால் என்ன ஆகும்? பத்து விநாடியில் கழற்ற முடியுமா? இந்த இரண்டிலும் தேறியவைதான் எங்களைக் காப்பாற்றின.

மெரினோ கம்பளி உள்சட்டை

அம்மாவுக்குக் கம்பளி என்றாலே, ராமநாதபுரத்திலிருந்து எங்கள் பக்கம் வயலில் கிடை போட ஆடு ஓட்டிவரும் கீதாரிகள் தோளில் போட்டிருக்கும் முரட்டுக் கறுப்புக் கம்பளிதான். "உடம்பெல்லாம் அரிக்கும், வேண்டாம்" என்றாள். சியாட்டிலில் மலையேற்றத் துணிமணிகள் விற்கும் ஆர்.இ.ஐ. பெரிய கடைக்கு அழைத்துப்போனேன். மெரினோ சட்டையைக் கையில் கொடுத்ததும், புடவைக் கடையில் செய்வதைப் போலவே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். முந்தானையைப் பார்ப்பதுபோல வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "இது ஆட்டு முடியா?" என்று இரண்டு முறை கேட்டாள். மெரினோ ஆட்டின் இழை அவ்வளவு மெல்லியது, தோலில் குத்தாமல் வளைந்து கொடுத்துவிடுகிறது.

ஒரு முழுக்கைச் சட்டைக்கு 90 டாலர் ஆயிற்று. அம்மாவிடம் விலையை ரூபாயில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காசு வீண் போகவில்லை. மெரினோ தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. வேர்வை வாடையும் வராது. அம்மா ஒன்றை மூன்று நாள் போட்டுவிட்டுத் துவைக்கக் கொடுத்தபோது நான் மோந்து பார்த்தேன், ஒன்றுமே இல்லை. ஏழு நாளைக்கு இரண்டே சட்டை தாராளமாகப் போதும். ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

அப்பாவுக்கும் எனக்கும் காஸ்ட்கோ என்னும் மொத்தக் கடையில் கிடைக்கும், 32 டிகிரிஸ் என்ற பிராண்டின் தெர்மல், அதாவது குளிருக்கான செயற்கை இழை உள்ளாடை. விலை மெரினோவில் கால்வாசி கூட இல்லை. சூடு நன்றாகவே கொடுக்கிறது, சீக்கிரம் காய்கிறது. ஒரே குறை, இரண்டாவது நாளே வாடை வந்துவிடும். தினம் ராத்திரி அலசிப் போட முடிந்தவர்களுக்கு இது போதும். வயதானவர்களுக்கு மட்டும் மெரினோ வாங்கிக் கொடுங்கள். நம் ஊர்ப் பருத்தி பனியனை உள்ளே போடாதீர்கள். எனக்குப் பருத்தி மேல் உயிர், ஆனால் அது நம் வெயிலுக்கு நெய்தது. ஈரத்தைக் குடித்துவிட்டு விடவே விடாது, தோலோடு ஒட்டிக்கொண்டு குளிரெடுக்கும். ஜீன்ஸும் அப்படித்தான், நனைந்தால் கல்லாகக் கனக்கும். நான் இரண்டு ஜீன்ஸ் எடுத்துப் போனேன், ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

சென்னை டெக்கத்லானில் வாங்கிய ஃப்ளீஸ்

அம்மா அங்கிருந்து வரும்போதே வாங்கி வந்தது. ஃப்ளீஸ் என்பது பஞ்சுபோல மெத்தென்ற செயற்கை இழை மேல்சட்டை. டெக்கத்லானின் க்வெச்சுவா பிராண்ட், மெரூன் கலர், முன்பக்கம் முழு ஜிப். ஆயிரம் ரூபாய் பக்கத்தில்தான் விலை. இவ்வளவு மலிவாக இருக்கிறதே என்று நான் வேறொன்று வாங்கப் பார்த்தேன், நல்லவேளை வாங்கவில்லை. ஏழு நாளும் அம்மா உடம்பில் இருந்தது இதுதான். முழு ஜிப் என்பதால் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும்போதே சர்ரென்று இறக்கிவிடுவாள். தலை வழியாகக் கழற்றும் மாடலை வயதானவர்களுக்கு வாங்காதீர்கள். கை தூக்கினால் தோள் வலி, கொண்டை கலையும், கண்ணாடி மாட்டிக்கொள்ளும். காற்று மட்டும் ஃப்ளீஸுக்குள் புகுந்துவிடும், அதனால் மேலே ஜெர்கின் இல்லாமல் மேல்தளத்துக்குப் போகக் கூடாது.

மழை ஜெர்கின்

பெட்டியில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்றால் இதற்கு செலவழியுங்கள். கெச்சிகனில் அம்மாவுக்குக் கழற்றிக் கொடுத்தேனே, அது நான் மூன்று வருஷமாகப் போடுகிற ஆர்.இ.ஐ. ஜெர்கின். உள்ளே பஞ்சு கிடையாது, ஒரு கைக்குள் சுருட்டிவிடலாம். கடையில் வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல் ஓடும் இடமெல்லாம் ஒரு விரல் அகலத்துக்கு டேப் ஒட்டியிருக்க வேண்டும். டேப் இல்லை என்றால், வெளித்துணி எவ்வளவு பளபளத்தாலும் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் வரும். எங்கள் கோட்டில் நடந்தது அதுதான். வாங்கிய பிறகு வீட்டு ஷவருக்குக் கீழே ஐந்து நிமிஷம் போட்டுக்கொண்டு நில்லுங்கள். நான் இப்போது மூன்று ஜெர்கினையும் அப்படிச் சோதித்துவிட்டேன். அளவு ஒன்று பெரிதாக எடுங்கள், உள்ளே ஃப்ளீஸும் அடங்க வேண்டும். புதிது விலை அதிகம் என்றால் ஆர்.இ.ஐ. இணையதளத்திலேயே பயன்படுத்திய பொருட்கள் தனியாக விற்கிறார்கள். அப்பாவின் ஜெர்கின் அங்கே வாங்கியதுதான், புதுசு மாதிரி இருக்கிறது.

குடையை வீட்டிலேயே வையுங்கள், காற்று மடக்கிவிடும்.

புடவை

இதற்கு வருகிறேன். அம்மாவே கண்டுபிடித்த வழி இது. உள்பாவாடைக்குப் பதிலாகத் தெர்மல் லெகிங்ஸ், இடுப்பில் நாடா கட்டி அதில் கொசுவத்தைச் செருகிக்கொண்டாள். மேலே மெரினோ, அதன் மேல் புடவை, முந்தானையைச் சுருக்கித் தோளில் ஊக்கு குத்தி, ஃப்ளீஸையும் ஜெர்கினையும் அதற்கு மேல் போட்டுக்கொண்டாள். வழக்கத்தை விட நான்கு விரல் தூக்கிக் கட்டினாள். நடவுக்கு இறங்குகிற பெண்கள் தூக்கிச் செருகுவதுபோல.

என்ன புடவை என்பதுதான் முக்கியம். நான் சுங்குடி எடுத்து வைத்திருந்தேன், இங்கும் பருத்திதான் சரி என்ற பழக்கம். கெச்சிகனில் அதன் கரை நனைந்து, மாலை வரை காயவில்லை, கணுக்காலில் சப்பென்று அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் ஜூனோவில் அம்மா கட்டியது வீட்டு வேலைக்கென்று வைத்திருந்த பழைய ஜார்ஜெட். மெண்டன்ஹால் பனியாற்றுக்குப் பக்கத்தில், 377 அடி உயரத்திலிருந்து விழும் நகெட் அருவி வரை பாதை இருக்கிறது, போய்வர இரண்டு மைல். அருவிச் சாரலில் புடவை நனைந்தது. பார்வையாளர் மையத்துக்குத் திரும்பி வருவதற்குள் முக்கால்வாசி காய்ந்துவிட்டது. அந்தப் புடவையின் பாலியஸ்டர் நூல் தண்ணீரை உள்ளே வாங்குவதில்லை, உதறினால் போய்விடும். ஊரில் நாம் வேர்க்கிறது என்று ஒதுக்கும் அதே ஜார்ஜெட்டும் பூனமும் இங்கே தங்கம். மூன்று ஜார்ஜெட், ஒரு பட்டு, அவ்வளவுதான் அம்மாவுக்கு வேண்டியிருந்தது. ஏணிப்படி மாதிரி செங்குத்தான இடங்களில் மட்டும் நான் பின்னால் நின்று கொசுவத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த துறைமுகமான ஸ்காக்வேயில் பழைய புகைப்படங்கள் பார்த்தோம். 1897, 98இல் கனடாவின் க்ளோண்டைக் பகுதியில் தங்கம் தேடி ஆயிரக்கணக்கானவர்கள் இந்த வழியாகத்தான் மலையேறினார்கள். ஒரு வருஷத்துக்கான சாமான், ஏறக்குறைய ஒரு டன், கையில் இல்லாதவர்களைக் கனடா போலீஸ் எல்லையில் விடவில்லை. அந்தச் சாமானை விற்றுத்தான் சியாட்டில் செழித்தது. கடைக்காரர்கள் அச்சடித்த பட்டியல்களில் கம்பளி உள்ளாடை, டஜன் கணக்கில் கம்பளி சாக்ஸ், எண்ணெய்த் துணி மேலங்கி, ரப்பர் பூட்ஸ் என்று இருக்கும். உள்ளே கம்பளி, வெளியே தண்ணீர் புகாத துணி. நூற்றிருபத்தைந்து வருஷம் கழித்து நாங்கள் வந்து சேர்ந்ததும் அதே இடம்தான். அந்தப் படங்களில் கணுக்கால் வரை பாவாடை கட்டிய பெண்கள் பனியில் நின்றார்கள். அம்மா வெகு நேரம் பார்த்தாள். "இவங்களும் புடவை மாதிரிதானே கட்டிக்கிட்டு ஏறியிருக்காங்க" என்றாள்.

அங்கிருந்து வொயிட் பாஸ் ரயில். 1898இல் தொடங்கி 1900இல் முடித்த, மூன்றடி அகலத் தண்டவாளம். இருபது மைலில் கடல் மட்டத்திலிருந்து 2,865 அடி ஏறுகிறது. பெட்டிக்குள் கதகதப்பு, ஆனால் பெட்டிகளுக்கு நடுவில் உள்ள திறந்த மேடையில் நின்றால்தான் முழுக்காட்சியும் தெரியும். அப்பா அங்கேயே நின்றுவிட்டார். ஊட்டி ரயிலைப் பார்த்தவர், பல்சக்கரம் இல்லாமல் எப்படி ஏறுகிறது என்று ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்தார். தலையில் அவருடைய பழைய மங்கி குல்லா, ஊட்டித் திபெத்தியர் கடைத்தெருவில் வாங்கியது. காது, கழுத்து, தாடை மூன்றையும் ஒரே பொருள் மூடுகிறது, காற்றில் பறக்காது, சட்டைப் பையில் அடங்கும். நான் இங்கே வாங்கிய குல்லா காதை விட்டு ஏறிக்கொண்டே இருந்தது. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் தயங்காமல் மங்கி குல்லாவும் மப்ளரும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

காலும் கையும்

காஸ்ட்கோவின் கிர்க்லேண்ட் சாக்ஸ், மெரினோ கலந்தது. ஆளுக்கு நாலு ஜோடி, நன்றாக உழைத்தது. ஷூ தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும், சாக்ஸுடன் போட்டுப் பார்த்து அரை அளவு பெரிதாக வாங்குங்கள். இறுக்கமான ஷூவில் எவ்வளவு நல்ல சாக்ஸும் சூடு தராது. உள்ளூர்க்காரர்கள் போடுவது எக்ஸ்ட்ராடஃப் என்னும் பழுப்பு ரப்பர் பூட்ஸ். அருமையான பொருள்தான், ஆனால் ஒரு வாரத்துக்காக அந்தக் கனத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

கிளவுஸில்தான் கொஞ்சம் சறுக்கினோம். கம்பளி கிளவுஸ் மழையில் பிழியும்படி ஆகிவிட்டது. மெல்லியதாக ஒன்று, அதன் மேல் தண்ணீர் புகாதது ஒன்று என்று வைத்துக்கொள்வதுதான் சரி.

கேபினுக்குள்

கப்பலில் இஸ்திரிப் பெட்டி எடுத்துவரக் கூடாது, தீப்பிடிக்கும் என்று தடை. கேபின் சுவர்கள் இரும்பு, காந்தக் கொக்கி ஒட்டும். ஆறு கொக்கி வாங்கிப் போயிருந்தேன். அம்மா அவற்றுக்கு நடுவில் கொடிக் கயிறு கட்டிவிட்டாள். ஈர ஜெர்கின், சாக்ஸ், ஜார்ஜெட் எல்லாம் காலைக்குள் காய்ந்துவிடும். பெட்டியிலேயே மிக மலிவான, மிக உபயோகமான பொருள்.

இரண்டு இரவு விருந்து உடை என்று அறிவித்தார்கள். அம்மா காஞ்சிபுரம் பட்டு, அப்பா பட்டு வேட்டியும் முழுக்கைச் சட்டையும். பட்டுக்கு அந்த ஏசி ஒன்றுமே இல்லை. வேட்டியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பக்கத்து மேசையில் இருந்த வயதான தம்பதி எழுந்து வந்து படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். இதற்கென்று கோட்டும் சூட்டும் தைக்க வேண்டாம்.

ஆறாவது நாள்தான் எல்லாவற்றுக்கும் பரீட்சை. பனியாற்று விரிகுடா, க்ளேசியர் பே. காலையிலேயே தேசியப் பூங்காவின் காவலர்கள் கப்பலில் ஏறிக்கொண்டு, ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். 1794இல் இந்த விரிகுடாவே பனிக்கட்டியாக அடைத்துக் கிடந்தது, பிறகு பனி அறுபது மைலுக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. மார்ஜெரி பனியாற்றுக்கு முன்னால் கப்பல் ஒரு மணி நேரம் நின்றது. ஒரு மைல் அகலம், தண்ணீருக்கு மேல் 250 அடி. பனிக்கட்டியிலிருந்து இறங்கி வரும் காற்று, மற்ற நாளெல்லாம் அடித்த காற்று இல்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து முகத்தை உள்ளே வைத்ததுபோல. கோட்டு கேபினில் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா மெரினோ, ஜார்ஜெட், ஃப்ளீஸ், ஜெர்கின், தலையில் அப்பாவின் மப்ளர். கப்பல் உள்ளே வரும்போதும் நின்றபோதும் திரும்பும்போதும் சேர்த்து மூன்று மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீலமாக ஒரு துண்டு சரிந்து விழுந்தது, விழுந்து தண்ணீர் எழும்பிய பிறகுதான் இடி மாதிரி சத்தம் வந்து சேர்ந்தது. நான் கிளவுஸுக்குள் விரல் விட்டு அவள் கையைத் தொட்டேன். கதகதவென்று இருந்தது.

ஆகஸ்டில் போகிறவர்களுக்கு ஒன்று. மே, ஜூன் மாதங்களை விட அப்போது மழை அதிகம். தெர்மலில் ஒன்றைக் குறைத்து, மழை பேன்ட் ஒன்றும் இன்னொரு ஜோடி ஷூவும் வையுங்கள். ஸ்வெட்டர்கள் வேண்டாம். நாங்கள் மூன்று எடுத்துப்போய் மூன்றையும் மடிப்புக் கலையாமல் திரும்பக் கொண்டுவந்தோம்.

அந்தப் பஞ்சுக் கோட்டை, மழையில் நடக்க வேண்டாத ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். ஃப்ளீஸ் என் வீட்டிலேயே இருக்கிறது, அடுத்த முறைக்கு. மெரினோ சட்டை இரண்டையும் அம்மா கொடுக்கவில்லை. ஒன்றை விமானத்தில் ஏசி குளிரும் என்று போட்டுக்கொண்டு கிளம்பினாள். இன்னொன்று கைப்பையில், மார்கழிக் காலையில் கோலம் போடும்போது போட்டுக்கொள்ளவாம்.